ஏற்காட்டு மலையில் பாராகிளைடர்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துச் சேலம் 300 மீட்டரைக்கூடத் தொடவில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் விளிம்பில் நின்று கீழே பார்க்கிற எவருக்கும் பறக்க ஆசை வருவது இயல்புதான். அந்த ஆசையோடு வருகிறவர் பத்திரமாகத் தரையிறங்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் வேறிடத்தில் பயிற்சி

பாராகிளைடிங்கை ஏற்காட்டில் கற்கத் தொடங்காதீர்கள். தொடக்கப் பயிற்சிக்குத் தேவை தாழ்வான புல்மேடு. விழுந்தாலும் எழுந்து நடக்கிற உயரம். இங்கே விளிம்பைத் தாண்டினால் காடும் பாறையும்தான். மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டிலும் இமாச்சலப் பிரதேசத்தின் பீரிலும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. பீருக்கு மேலே உள்ள பில்லிங்கில்தான் 2015-ல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. பி1, பி2 என்ற தொடக்கப் பயிற்சி நிலைகளை முடித்து, தரையிலேயே விங்கை (துணிச் சிறகை) தூக்கி நிறுத்தும் பழக்கம் கைவந்த பிறகு மலைக்கு வாருங்கள். அப்போதும் இந்த மலையில் முதல் தடவை அனுபவசாலி ஒருவரோடு டேண்டமில் (ஒரே விங்கில் இருவராக) பறப்பதுதான் சரி.

அனுமதி

மலையில் காப்புக்காடுகளும் தனியார் காபித் தோட்டங்களும் இருக்கின்றன. வனத்துறை, நில உரிமையாளர், மாவட்ட நிர்வாகம், காவல் துறை என எல்லோரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் ஏற்காட்டிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர்தான். 2023 அக்டோபரில் அங்கே பயணிகள் விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கின. எனவே வான்வெளி அனுமதியையும் கேட்டே ஆகவேண்டும். பகோடா முனை, லேடீஸ் சீட் போன்ற காட்சிமுனைகள் சுற்றுலாப் பயணிகளுக்கானவை. டேக்-ஆஃப் இடங்களாக அவற்றை நினைக்காதீர்கள்.

கருவிகள்

புதியவருக்கு ஈ.என்.-ஏ தரச்சான்று பெற்ற விங் போதும். உங்கள் உடல் எடையும் கருவிகளின் எடையும் சேர்ந்து, விங்கில் குறித்திருக்கும் எடை வரம்புக்குள் வரவேண்டும். ஹெல்மெட், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸ், ரேடியோ, ரிசர்வ் பாராசூட் ஆகியவை இல்லாமல் மேலே போகக் கூடாது. ரிசர்வைத் தயாரிப்பாளர் சொல்லும் கால இடைவெளியில் பிரித்துக் காற்றாடவிட்டு மறுபடி மடிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய விங்கைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். துணி காற்றைக் கசியவிட ஆரம்பித்தால் விங் நம்பகத்தை இழந்துவிடும்.

காற்றைப் படிப்பது

எதிர்க்காற்றில்தான் கிளம்ப வேண்டும். காற்று முகத்தில் படுகிற சரிவில் அது மேலேறும், நம்மையும் தூக்கும். மறுபக்கச் சரிவில் அதே காற்று சுழன்று கீழே விழும். அந்தச் சுழலில் மாட்டிய விங் மடங்கிவிடும்.

ஜனவரி, பிப்ரவரியில் இங்கே பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. அப்போது பகோடா முனை இருக்கும் கிழக்குப் பக்கச் சரிவுகளில் காற்று நேராகப் படும். லேடீஸ் சீட் இருக்கும் தென்மேற்கு விளிம்போ காற்றின் மறைவில் கிடக்கும். சேலம் முழுக்கத் தெரிகிறது என்பதற்காக அந்தப் பக்கம் கிளம்ப நினைப்பது ஆபத்து. அங்கே முகத்தில் மெல்லிய எதிர்க்காற்று பட்டால்கூட அது சுழலின் ஒரு கீற்றாக இருக்கலாம்.

காபித் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள் காற்றின் வேகத்தை அறிய நல்ல துணை. அவற்றின் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. உச்சிக் கிளைகள் புரண்டு மரமே வெளுத்துத் தெரிந்தால் விங்கைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். புதியவருக்கு மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று வேண்டாம். சராசரியை மட்டும் பார்க்காமல், விட்டுவிட்டு வரும் வீச்சையும் பாருங்கள்.

விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். அது பின்காற்று, கிளம்ப முடியாது. வெயில் ஏறியதும் கிழக்குச் சரிவு சூடாகி மெல்லிய காற்று மேலேறும். அதுதான் நமக்கான நேரம். நடுப்பகலில் சேலம் சமவெளியின் காய்ந்த நிலத்திலிருந்து தெர்மல்கள் (மேலேறும் வெப்பக் காற்று) முரட்டுத்தனமாகக் கிளம்பும், அவை தேர்ந்தவர்களுக்கு.

ஏப்ரல், மே பிற்பகல்களில் இடிமேகம் கட்டும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் ஈவா விஸ்னியர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் சென்றது. நினைவிழந்த நிலையிலும் அவர் பிழைத்தது அதிசயம். அன்று அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் இறந்துபோனார். தொலைவில் மேகம் திரள்வது தெரிந்தாலே பறக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறினாலும் அப்படியே.

கிளம்பும் முன்

இறங்கும் இடத்தை முந்தின நாளே நடந்து பாருங்கள். தென்னை, பாக்குத் தோப்பு, மின்கம்பி, அறுவடை ஆகாத வயல் எதுவும் ஆகாது. கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரி இருக்கிறது. உடலோடு பூட்டிய ஹார்னஸோடு (இருக்கை வார்களோடு) தண்ணீரில் விழுந்தால் மீள்வது கடினம்.

கணக்கையும் போட்டு வையுங்கள். விங் காற்றில் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 1,000 மீட்டர் இறங்குவதற்குள் சலனமற்ற காற்றில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் கடக்கும். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அந்தத் தூரம் மூன்றரைக்குச் சுருங்கிவிடும்.

பிறகு சோதனை. தொடை வார்கள் இரண்டும் பூட்டியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இழுத்துப் பாருங்கள். தொடை வார் பூட்டாமல் கிளம்பினால் ஹார்னஸிலிருந்து நழுவி விழ நேரும். அடுத்து மார்பு வார், ஹெல்மெட், காரபைனர், ரிசர்வ் கைப்பிடி, சிக்கலில்லாத கயிறுகள், காற்று, சுற்றியுள்ள வான்வெளி.

ஓட்டமும் பறப்பும்

விங் தலைக்கு மேல் வந்து நின்றதும் நிமிர்ந்து ஒரு பார்வை. கோணலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சரியாக இருந்தால் ஓடுங்கள். தரை விலகும்வரை ஓட்டத்தை விடாதீர்கள், குதித்து உட்காராதீர்கள். காற்றில் ஏறியதும் மலையை விட்டு விலகிப் போங்கள். திரும்பும்போதும் மலைக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்புங்கள். எதிரே இன்னொருவர் வந்தால், மலை எவருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கே வழி. விங்கின் ஒரு பக்கம் மடங்கினால் முதலில் எடையை மறுபக்கம் சாய்த்துத் திசையைக் காப்பாற்றுங்கள், பிறகு பிரேக்கை இழுத்துவிட்டு மடிந்ததை விரியுங்கள்.

தரையிறங்குதல்

வயலுக்கு மேல் போதிய உயரத்தோடு வந்து சேருங்கள். பின்காற்று, குறுக்குக்காற்று, எதிர்க்காற்று என மூன்று கட்டமாக வட்டமடித்து இறங்குங்கள். தரை நெருங்கியதும் கால்களை ஹார்னஸிலிருந்து இறக்கி, கடைசி ஓரிரு மீட்டரில் இரு பிரேக்கையும் முழுதாக இழுங்கள். வயல் எட்டாது என்று தெரிந்தால் மின்கம்பியைத் தவிர்த்து மரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கீழே ஒருவர் ரேடியோவோடும் வண்டியோடும் காத்திருக்காமல் பறக்காதீர்கள். நீங்கள் கிளம்பும் நேரத்தையும் இறங்கும் வயலையும் அவரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய ஆம்புலன்ஸ் எண் 108. அருகில் உள்ள பெரிய மருத்துவமனை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.