மலைப்பள்ளிக்குப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஜவ்வாது மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளி கிடைத்ததாக எழுதியிருந்தாய். "ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் கீழே வந்துவிடலாம்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது வேறு: அந்தக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காதே.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்தும் உன் தலையில். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பது பதிவேட்டில் இருக்காது, டீச்சரின் நினைவில்தான் இருக்கும். டீச்சர் மாறினால் அதுவும் போய்விடும். மலைப்பிள்ளைகளுக்கு நடக்கும் பெரிய அநியாயம் இதுதான் என்பேன், கட்டடம் இல்லாததைவிட.

பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார். பெற்றோர் குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருப்பார்கள், பாட்டியிடம் பேசு. அடுத்த வருஷம் அவர்கள் கிளம்புமுன்பே பிள்ளைக்கு உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்டு வை. பழங்குடிச் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தரவேண்டும், இழுத்தடிப்பார்கள். ஐந்தாம் வகுப்புக்குள் விண்ணப்பிக்க வைத்துவிடு. உன் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு போனதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வை நினைவூட்டு. தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். படிப்பு நிற்காமலிருக்க அந்த வீடுகளில் அது பெரிய தொகை.

படிப்பு நின்றால் என்ன ஆகும் என்று பார். 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். பிழைக்க வேறு வழி தெரிந்தவன் அந்தக் காட்டுக்குப் போவானா? படித்தால் என்ன ஆகும் என்றும் பார்: உன் ஜவ்வாது மலையிலிருந்துதான் ஸ்ரீபதி என்ற மலையாளிப் பழங்குடிப் பெண் 2024-இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். உன் வகுப்பில் அவர் பெயரைச் சொல்.

தியாகம் செய் என்று நான் கேட்கவில்லை. குடியிருப்பும் கழிப்பறையும் கேட்டு வாங்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர். அவர்களைத் தீர்மானம் போட வை. மலைப் பள்ளியைத் தண்டனை இடமாக நடத்தும் வழக்கத்தை அரசும் விடவேண்டும்.

இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை இரு, அம்மா. அதன்பின் நீ மாறுதல் கேட்டால் யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்