காப்பகம் மட்டும் வீடு வரவில்லை

தனுஷ்கோடி,
20.6.2021

அன்பு மகள் செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் டீமில் கைக்குழந்தை வைத்திருக்கும் இருவர் காலை மீட்டிங்குக்குப் பிந்தி வருகிறார்கள், மேலிடம் ரேட்டிங்கைக் குறைக்கச் சொல்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். குறைக்காதே அம்மா.

தொழிலாளர் துறையில் இருந்தவன் என்பதால் எனக்குச் சட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2017 திருத்தத்துக்குப் பின் பேறுகாலப் பயன் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. அது உனக்கே தெரியும். பலர் கவனிக்காதது அடுத்த பகுதி. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். வேலை நேரத்துக்குள்ளேயே பிள்ளைக்கும் நேரம் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது, பார்த்தாயா? 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. காப்பகம் வரவில்லை. பள்ளிக்கூடம், அங்கன்வாடி எல்லாம் மூடல். பிள்ளை பார்க்க வந்த ஆயாவும் வர வழியில்லை. அலுவலகம் செய்ய வேண்டியதை உன் டீமில் இருக்கும் அந்தத் தாய் ஒரு கையால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே மறுகையால் செய்கிறாள். அவளுக்கு அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மேலிடத்தில் கேள். இது சலுகை இல்லை.

எப்படி என்று கேட்பாய். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, எந்த நேரம் முடியவே முடியாது என்று கேள். அந்த நேரத்தில் மீட்டிங் வைக்காதே. பேசி முடித்ததை எச்.ஆருக்கும் நகல் போட்டு மெயிலில் எழுதிவிடு. வாய்ச்சொல்லை நம்பி இருந்தவர்கள், மேலாளர் மாறியதும் தவித்து நின்றதை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான நிபந்தனைகளை இருதரப்பும் பேசி முடிவு செய்யலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அதையும் மெயிலில் சுட்டிக்காட்டு.

அந்த இருவரில் ஒருவர் ஆண் என்றாய். மத்திய அரசு ஊழியருக்காவது 15 நாள் தந்தை விடுப்பு இருக்கிறது. தனியார் நிறுவனத் தகப்பனுக்குச் சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. அதனால் அவர் வாய்திறந்து கேட்கத் தயங்குவார். நீயே முதலில் கேள். அவருக்கு நீ கொடுக்கும் இரண்டு மணி நேரம், வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கும் மூச்சுவிட இடம் தரும்.

கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தாதே. எல்லார் வீடும் ஒன்றுபோல் இருக்காது. 1964 புயலோடு போன மின்கம்பி இந்தக் கரைக்கு இன்னும் திரும்பவில்லை. சோலார் தகட்டில்தான் போனுக்குச் சார்ஜ் ஏறுகிறது. ஊர்க்கோடியில் இருக்கும் அரிச்சல்முனைப் பக்கம் போனால் இலங்கை டவர்தான் கிடைக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு எப்படி நடக்கும்? ஊருக்குத் திரும்பி வேலை பார்ப்பவர்கள் உன் டீமிலும் இருப்பார்கள். அவர்கள் நிலைமையையும் விசாரி.

மாதக் கடைசியில் மதிப்பீடு என்றாயே, அதற்கு முன்பே மேலிடத்துக்கு எழுதிவிடு. அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. சட்டப் பிரிவுகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா