மலிவு கிட்டாரில் விடுபட்ட வேலை

அன்புள்ள தம்பிக்கு,

மின் கிட்டார் ஒன்றின் விலை குறைவதற்கு அதன் மரமும் உலோகமும் மட்டும் காரணமாவதில்லை. தொழிற்சாலையில் அதன்மீது செலவிடப்பட்ட மனித நேரம் குறைந்திருப்பதே பெரும்பாலும் முதற்காரணமாக அமைகிறது. கணினியால் இயங்கும் வெட்டுப்பொறிகள் பரவிய பிறகு, மலிவான கருவியின் உடலையும் கழுத்தையும்கூட நல்ல துல்லியத்தோடு வெட்டியெடுக்க முடிகிறது. ஆனால் விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின் நுனிகளை மழுக்குவதும், கம்பி அமரும் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அராவுவதும், கழுத்தின் வளைவைப் பார்த்துத் திருத்துவதும் இன்னும் பெரும்பாலும் கைவேலையாகவே இருப்பதால், செலவைக் குறைக்க முனையும் உற்பத்தியாளர் இவற்றில்தான் முதலில் கைவைக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையை அறிந்த, மலேசிய மலையூரான பிரிஞ்சாங்கில் வாழ்பவருக்கு இது புதிய செய்தியன்று. ஒரே மலைச்சரிவில் பறித்த கொழுந்தாயினும், வாட்டுவதிலோ உருட்டுவதிலோ புளிக்கவைப்பதிலோ அவசரம் காட்டினால் கோப்பையில் அது தெரிந்துவிடும். ஆகவே மலிவு கிட்டாரைச் சீரமைப்பது என்பது, அதில் விடுபட்டுப்போன வேலையைக் கண்டுபிடித்து, அதைத் தம்பி தன் கையால் செய்துமுடிப்பதேயாகும்.

இங்கு இரண்டு சொற்களைப் பிரித்தறிவது நல்லது. கருவி எவ்வாறு இயங்கவேண்டுமென்று வடிவமைக்கப்பட்டதோ அந்நிலைக்கு அதைக் கொண்டுவருவது சீரமைத்தல். வாசிப்பவரின் தேவைக்கேற்ப அவ்வடிவமைப்பையே மாற்றுவது மாற்றியமைத்தல். சீரமைக்காத கருவியில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைப் புதிதாக வாங்கிப் பொருத்துவது, ஒழுகும் கூரையின் கீழ்ச் சுவருக்கு வண்ணம் பூசுவதைப் போன்றது. முதல் வேலைக்குப் பெரும்பாலும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொருள்களே போதும். இரண்டாவதற்குத்தான் ஈப்போ நகருக்கு இறங்கவேண்டிய தேவை எழும்.

கருவியின் உறுப்புகளை வீணையோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். வீணையில் மெட்டு எனப்படுவதே கிட்டாரில் ஃபிரெட் என்னும் அந்த உலோகக் கட்டை. வீணையின் குதிரையே கிட்டாரின் பாலம். பிரடையின் இடத்தில் பல்சக்கரம் கொண்ட முறுக்காணி இருக்கிறது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடும் உண்டு. வீணையின் மெட்டுகள் மெழுகுக் கலவையில் பதிக்கப்படுவதால், சுருதி பிசகும்போது மெழுகை இளக்கி அவற்றை இடம்பெயர்த்து மீண்டும் மேளம்கட்ட முடியும். கிட்டாரின் மெட்டுகளோ மரத்தில் அறைந்து இறுக்கப்பட்டவையாதலால் நகரமாட்டா. ஆகவே கம்பியின் நீளத்தை மாற்றும் வசதி பாலத்தில் வைக்கப்பட்டுள்ளது. கிட்டாரைச் சீரமைப்பவர் செய்வதும் ஒருவகை மேளம்கட்டலே. மெட்டுக்குப் பதிலாகப் பாலம் நகர்கிறது.

வேலையின் வரிசை முக்கியமானது. ஒன்றைத் திருத்தினால் அடுத்தது மாறும் என்பதால் கழுத்திலிருந்தே தொடங்கவேண்டும். பத்து எண் கம்பித்தொகுதி, அதாவது மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலத் தடிமன் உடைய தொகுதி, இயல்பான சுருதியில் ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் கழுத்தை முன்னோக்கி இழுக்கிறது. இந்த இழுவிசையை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்தின் உள்ளே டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி வைக்கப்பட்டுள்ளது. தடித்த கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், அக்கம்பி ஒரு நேர்விளிம்புச் சட்டமாகிவிடுகிறது. அப்போது ஏழாவது மெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மூன்று தாள்களின் தடிமன் அளவு, இடைவெளி இருந்தால் போதும். இடைவெளி மிகுதியானால் ஆலன் கீயால் டிரஸ் ராடை வலப்புறமாக இறுக்கவும், இடைவெளியே இல்லையெனில் இடப்புறமாகத் தளர்த்தவும் வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், கம்பியை மீண்டும் சுருதிகூட்டி, மரம் அடங்கும்வரை பொறுத்திருந்து பார்க்கவேண்டும். இறுக்கம் அசாதாரணமாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுவது அறிவுடைமை. முறிந்த டிரஸ் ராடைத் திருத்தும் செலவு கருவியின் விலையையே மிஞ்சிவிடும்.

அடுத்தது நட் எனப்படும், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை. மலிவு கருவிகளில் இது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதைவிடப் பெரிய குறை, அதன் பள்ளங்கள் போதிய ஆழமின்றி விடப்பட்டிருப்பதாகும். அவ்வாறிருந்தால் முதல் மெட்டில் கம்பியை அழுத்தக் கூடுதல் வலு தேவைப்படுவதோடு, அழுத்தும்போதே கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். தொடக்கநிலையில் கற்பவர் பலர் தம் விரலைக் குறைகூறுவது இந்தப் பள்ளத்தின் பிழைக்காகவே. கம்பியை மூன்றாவது மெட்டில் அழுத்தும்போது முதல் மெட்டின்மேல் மயிரிழை இடைவெளி மட்டும் எஞ்சும் அளவுக்கு, கம்பியின் பருமனுக்கேற்ற ஊசி அரத்தால் இரண்டு தேய்ப்புக்கு ஒரு முறை சோதித்தபடி அராவவேண்டும். தவறுதலாக ஆழம் கூடிவிட்டால், பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவிச் சூப்பர் குளூ ஒரு துளி விட்டால் அது கல்போல் இறுகிவிடும். பின்னர் மீண்டும் அராவலாம். கம்பி பள்ளத்தில் சிக்கிச் சுருதிகூட்டும்போது விட்டுவிட்டு நகர்ந்தால், பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்ப்பதே போதிய மசகாகும்.

மெட்டுகளைத் தொடுமுன் நோயறிதல் தேவை. கம்பி எங்கும் இரைந்தால் அது பாலத்தின் உயரக் குறைவைக் காட்டுகிறது. தலைப்பக்க மெட்டுகளில் மட்டும் இரைந்தால் கழுத்து பின்வளைந்திருக்கக்கூடும். ஒரே ஒரு சுவரத்தில் மட்டும் இரைந்தால், அதற்கு அடுத்த மெட்டு மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது என்று கொள்ளலாம். உயர்ந்த மெட்டைச் சமப்படுத்த, முதலில் கழுத்தை நேராக்கி, விரற்பலகையை ஒட்டுத்தாளால் மூடி, மெட்டுகளின் தலையில் மார்க்கர் மையைப் பூசி, சமதளக் கட்டையில் ஒட்டிய 400 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்கவேண்டும். எல்லா மெட்டுகளிலும் மை இலேசாக அழிந்ததும் நிறுத்திவிட்டு, தட்டையான தலையை மீண்டும் உருண்டையாக்கி, 600, 1000, 2000 என்று படிப்படியாக நுண்ணிய தாள்களால் மெருகேற்றவேண்டும். எஃகுப் பஞ்சைப் பயன்படுத்துவோர் பிக்கப்புகளை முழுமையாக மூடிவைக்காவிட்டால், அதன் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பின்னர் நீக்குவதற்குக் கடினமான தொல்லையாகிவிடும்.

இவை முடிந்த பிறகே பாலத்துக்கு வரவேண்டும். பன்னிரண்டாவது மெட்டின்மேல் தடித்த கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் மெல்லிய கம்பி 1.6 மில்லிமீட்டரும் உயர்ந்து நிற்பது பொதுவாக வசதியான அளவு. அதன்பின் சுருதிநீளம் சரிபார்க்கப்படுகிறது. 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் அதைப் பார்த்துச் செய்த எண்ணற்ற மலிவுக் கருவிகளையும் எடுத்துக்கொண்டால், கம்பியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். அதன் நேர்பாதியான 324 மில்லிமீட்டரில் பன்னிரண்டாவது மெட்டு அமைந்திருப்பதால், அங்கே மேல்ஸ்தாயி பிறக்கிறது. ஆனால் கம்பியை அழுத்தும்போது அது சற்றே இழுபட்டுச் சுருதி கூடுவதால், அதை ஈடுசெய்யக் கம்பியைக் கொஞ்சம் நீட்டவேண்டியிருக்கிறது. பன்னிரண்டாவது மெட்டில் கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் எழுப்பும் இசைத்தெறிப்பையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுவரத்தையும் டியூனரில் ஒப்பிட்டு, அழுத்திய சுவரம் ஏறியிருந்தால் பாலத்தில் அக்கம்பி அமரும் இருக்கையைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் திருகால் நகர்த்தவேண்டும்.

மின்பகுதி அச்சமூட்டுவதாகத் தோன்றினாலும் அதன் தத்துவம் எளியது. காந்தத்தைச் சுற்றித் தலைமயிரினும் பொதுவாக மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியதே பிக்கப். அதன்மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் விதிப்படி, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஐந்தாவது கம்பி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னோட்டமும் அதே கணக்கில் அலைகிறது. பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகே உயர்த்தினால் காந்தம் கம்பியையே பற்றியிழுத்து, சுவரத்தைத் தள்ளாடவைத்து, நீடிப்பையும் குறைத்துவிடும். ஆகவே கடைசி மெட்டில் அழுத்திய கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுக் காதால் சரிபார்ப்பது, காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றமாகும்.

ஒலி விட்டுவிட்டு வந்தால் முதலில் ஜாக் எனப்படும் வெளியிணைப்பின் மரைவில்லை தளர்ந்துள்ளதா, அதன் உள்ளே பற்றுவைத்த ஒயர் அறுந்துள்ளதா என்று மல்டிமீட்டரால் பார்க்கவேண்டும். ஒலிக்குமிழைத் திருகும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை திருகினாலே பெரும்பாலும் தீரும். எதையும் கழற்றுமுன் இணைப்புகளைப் படம்பிடித்து வைப்பதும், ஈயம் கலந்த பற்றுப்பொருளைத் தொட்ட கையைக் கழுவுவதும், எவ்வளவு குளிரினாலும் பற்றவைக்கும் நேரத்தில் ஒரு சன்னலையாவது திறந்துவைப்பதும் மீறக்கூடாத விதிகள். மலேசிய மின்விநியோகம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதாதலால், ஒற்றைச்சுருள் பிக்கப் அதிலிருந்து எழும் முழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. உட்குழியில் செப்புநாடாவை ஒட்டிப் புவித்தொடுப்போடு இணைத்தால் விளக்குகளிலிருந்தும் பிற கருவிகளிலிருந்தும் வரும் இரைச்சல் வெகுவாகக் குறையும். முழக்கம் முற்றிலும் நீங்கவேண்டுமாயின், எதிரெதிர்த் திசையில் அமைந்த இரு சுருள்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் 1955இல் வடிவமைத்த ஹம்பக்கர் வகைதான் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. கிட்டாரின் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் இல்லை. ஆனால் அதன் கம்பிகள் பாலத்தின் வழியாக ஒலிபெருக்கியின் புவித்தொடுப்போடு இணைந்துள்ளன. அந்தத் தொடுப்பு கெட்டிருந்தால், வாசிப்பவரின் கையே மின்னோட்டத்துக்கு வழியாகிவிடக்கூடும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் மின்சாரம் தாக்கி இறந்தது இத்தகைய புவித்தொடுப்புக் குறைபாட்டால்தான். ஆகவே மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் நீக்கக்கூடாது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்குமாதலால், ஒலிபெருக்கியைத் திறக்கும் வேலையைத் தேர்ந்தவரிடமே விடவேண்டும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரிஞ்சாங்கின் மூடுபனிக்கும் இந்த வேலையில் பங்குண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பதையே கிட்டார் செய்வோர் பொதுவாக விரும்புகின்றனர். மலையில் அது பெரும்பாலும் அதைக் கடந்துவிடுவதால், மரம் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாக்கில் விரிகிறது, கம்பியும் திருகுகளும் துருப்பிடிக்கின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைப்பதும், உறையினுள் சிலிக்கா ஜெல் பைகளை இடுவதும், பாலத்தின் சிறு திருகுகளுக்கு அவ்வப்போது தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுவதும் இங்கே அடிப்படைப் பராமரிப்பாகின்றன. இதே கருவி கோலாலம்பூரின் குளிரூட்டிய அறைக்குப் போனால் மரம் சுருங்கும், உலோக மெட்டு சுருங்காது. அதனால் மெட்டின் நுனிகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். எனவே புதிதாக வந்த கருவியைச் சில வாரங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகவிட்ட பிறகே மெட்டு நுனிகளை அராவுவது முறை.

மாற்றியமைத்தலுக்கு வரும்போது கேட்கவேண்டிய கேள்வி, எந்தப் பொருள் சிறந்தது என்பதன்று, இசைக்கு எது தேவைப்படுகிறது என்பதே. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மேற்கத்திய மின் மாண்டலினைக் கையிலெடுத்தபோது, நான்கு இணைகளாக அமைந்த எட்டுக் கம்பிகள் கமகத்துக்கு இடையூறாயிருந்ததால், அவற்றை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக மாற்றிக்கொண்டார். கர்நாடக இசைக்கு இடந்தந்தது விலையுயர்ந்த உதிரிப்பாகம் அன்று, தேவையைத் தெளிவாக அறிந்த அந்த ஒரு மாற்றமே. பிரிட்டனின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, விருப்பப்பட்ட கிட்டாரை வாங்கப் பணமில்லாத பள்ளிப் பருவத்தில், 1963இல் தந்தையுடன் சேர்ந்து தொடங்கிய கருவிக்குப் பழைய கணப்படுப்பின் மரம் கழுத்தாயிற்று, மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் அதிர்வுக்கோலுக்கு உதவிற்று. பின்னாளில் குவீன் என்னும் ராக் குழுவின் மேடைகளில் ஒலித்ததும் அதே கருவிதான்.

தம்பியும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால், எந்த மாற்றம் எந்த ஒலியைத் தந்தது என்று அறியமுடியும். மூன்றை ஒருங்கே மாற்றியவருக்கு விளைவு தெரியும், காரணம் தெரியாது. கவாத்து வெட்டுபவரும் தேயிலைச் செடியைக் கண்டபடி வெட்டுவதில்லை. எங்கே துளிர்க்கவேண்டும் என்று பார்த்தபின்பே கத்தியை இறக்குகிறார். கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு திருகுகளைக் கழற்றும் நாளில், அதன் அடிப்பகுதியில், பூட்டிய பின் எவர் கண்ணுக்கும் படாத மரப்பரப்பில், நாளையும் செய்த வேலையையும் பென்சிலால் எழுதிவைப்பது நல்லது. ஃபெண்டர் தொழிற்சாலையின் தொடக்ககாலத் தொழிலாளரும் கழுத்தின் அதே இடத்தில் நாள் குறித்தது, இன்று பழைய கருவிகளின் வயதை அறிய உதவுகிறது. விலைச்சீட்டில் இல்லாத உழைப்புக்கு அந்த ஒரு வரியே கணக்காக நிற்கும். அடுத்து அக்கருவியைத் திறப்பவர் வேலையை எங்கிருந்து தொடரவேண்டும் என்பதையும் அதிலிருந்து தெரிந்துகொள்வார்.

அன்புடன்,
அண்ணன்