எரிபொருள் செல்லும் வழி

காரணமின்றிக் காரியம் நிகழாது என்பது சான்றோர் கண்ட முடிபு. வயலிற் பயிர் வாடின், உழவன் பயிரை நொந்து பயனில்லை. மடை முதல் வயல் வரை வாய்க்காலின் வழியே நடந்து, அடைப்பு எங்குளது எனக் காண்பதே அவன் செயற்பாலது. பொறிகளுக்கும் இஃது ஒக்கும். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வழியில் நின்றுவிடின், எரிபொருள் செல்லும் வழியை ஆராய்வார்க்கும் இம்முறையே துணைசெய்யும்.

1955ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பெற்றது. திருவொற்றியூரில் அமைந்த ஆலையில் உருவான பழைய புல்லட் வண்டிகளுள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் 350 எனப்படும் வகையின் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அதற்குப் பெட்ரோலைச் செலுத்தும் பம்பு இல்லை. மேலுள்ள தொட்டியினின்று பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்குகிறது. தொட்டியின் அடியில் திறப்புக் குழாய், அதனின்று ரப்பர்க் குழாய், அதன் இடையே சிறு வடிகட்டி, இறுதியில் கார்புரேட்டர். கார்புரேட்டரின் கலத்துள் மிதவையொன்று உண்டு. பெட்ரோல் உரிய மட்டம் எய்தியதும் மிதவை உயர்ந்து, ஊசியால் வாயிலை அடைக்கும்; மட்டம் குறைந்ததும் தாழ்ந்து வாயிலைத் திறக்கும்.

இளைஞன் ஒருவன் தன் தந்தையார் விட்டுச்சென்ற அத்தகைய வண்டியைப் பேணி வந்தான். ஒருநாள் தாயைப் பின்னே அமர்த்தி, மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் செல்லும் மலைப்பாதையில் ஏறினான். சமவெளியில் நன்கு ஓடிய வண்டி, ஏற்றத்தில் மெல்ல வலுவிழந்து, வளைவொன்றில் நின்றது. பின்னே வந்த பேருந்தின் ஓட்டுநர் விழிப்புடையவராக இருந்தமையால் இருவரும் உயிர் பிழைத்தனர். சற்று நேரம் கழித்து வண்டி மீண்டும் இயங்கிற்று. சிறிது தொலைவு சென்று மீண்டும் நின்றது.

ஊர் திரும்பிய இளைஞன், கார்புரேட்டரே கெட்டதெனத் துணிந்து, புதியது வாங்கப் பொருள் தேடலானான். அதனைக் கேட்ட முதிய மெக்கானிக் ஒருவர், “தம்பி, நின்ற வண்டி சற்று நேரங் கழித்து ஓடியது என்கிறாய். அவ்விடைவேளையில் நிகழ்ந்தது யாது?” என வினவினார். இளைஞன் விடையறியாது நின்றான். “மிதவைக் கலம் மெல்ல மெல்ல நிரம்பியது. ஆகவே பெட்ரோல் வருகிறது. ஏற்றத்திற்கு வேண்டிய விரைவில் வரவில்லை. மின்பொறி அற்றுப்போயின் வண்டி பெரும்பாலும் வெட்டென நிற்கும், பெட்ரோல் குறையின் இவ்வாறு சோர்ந்து நிற்கும்” என்றார் அவர்.

பின்னர், எஞ்சின் ஆறியபின், தீயும் விளக்கும் இல்லாத வெளியிடத்தில் சோதனை தொடங்கிற்று. கார்புரேட்டரில் இணைந்த குழாயின் நுனியைக் கழற்றி ஒரு கலத்துள் விட்டுத் திறப்பைத் திருப்பினார். முதலில் ஓடிய பெட்ரோல் விரைவில் துளித்துளியாயிற்று. தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்; மாற்றமில்லை. மூடியிலுள்ள நுண்துளை அடைபட்டிருப்பின், உள்ளே காற்றுப் புகாமையால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்த அளவில் பாய்ந்திருக்கும். எனவே குற்றம் மூடியில் இல்லை. அடுத்து, வடிகட்டிக்கு முன்னே குழாயைக் கழற்றினார். பெட்ரோல் தடையின்றிப் பாய்ந்தது. அடைப்பு வடிகட்டியிலேயே என்பது தெளிவாயிற்று. அதனைத் தட்டியபோது செந்நிறத் துரு உதிர்ந்தது.

“ஐயா, சென்ற திங்கள்தான் இதனைப் புதிதாய் மாற்றினேன்; இன்னும் ஒன்று மாற்றிவிடலாமே?” என்றான் இளைஞன்.

“மாற்றலாம்; அடுத்த திங்களும் மாற்றலாம். துரு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டாவா?” என்றார் முதியவர்.

தொட்டியின் உள்ளே துரு படர்ந்திருந்தது. தந்தையார் மறைந்தபின் வண்டி நெடுங்காலம் ஓடாது நின்றது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகி, பெட்ரோலினும் கனமாதலின் அடியில் தங்கியது. இந்நாளில் பெட்ரோலிற் கலக்கும் எத்தனாலும் நீரை ஈர்க்கும் இயல்பினது. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதற்கென அமையாத பழைய ரப்பரை அஃது ஊதச்செய்து நைவித்தலும் உண்டு. மலையேறிய அன்று பெட்ரோல் குறைந்தமையால் இளைஞன் திறப்பை ‘ரிசர்வ்’ நிலைக்குத் திருப்பியிருந்தான். அந்நிலையில் தொட்டியின் அடிப்பகுதிப் பெட்ரோலே வெளிவரும். அதனுடன் அடியிற் கிடந்த துருவும் வந்தது.

முதியவர் தொட்டியை வடித்துத் தூய்மை செய்து, திறப்பின் வலையையும் கழுவினார். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாயை, மடிப்பும் மேடுமின்றிச் சரிவாகவும், சூடான எஞ்சினைத் தொடாமலும் அமைத்தார். பம்பு உள்ள வண்டிக்குரிய அடர்ந்த வடிகட்டியை விலக்கி, தன் எடையால் இறங்கும் பெட்ரோலுக்கு ஏற்றதைப் பொருத்தினார். அதன்மேல் பொறித்த அம்புக்குறி கார்புரேட்டரை நோக்குமாறு வைத்தார். இணைப்புகளில் கசிவில்லை எனக் கண்டபின்னரே எஞ்சினை இயக்கினார். வடிகட்டியுள் சிறு காற்றுக்குமிழி தோன்றக் கண்ட இளைஞன் அஞ்சினான். “ஓட்டம் குறையாதவரை அதனால் தீங்கில்லை” என்று தேற்றினார்.

இப்பணியில் ஈடுபடுவோர் சிலவற்றை மறத்தலாகாது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு படர்ந்து, தொலைவிலுள்ள தீயையும் பற்றும். பெட்ரோல் நீரின்மேல் மிதக்குமாதலின், அதில் எழுந்த தீயை நீரூற்றி அணைக்க முயல்வது தீயைப் பரப்புவதாகும். குழாயை வாயால் உறிஞ்சுதல் கூடவே கூடாது. நுரையீரலுட் புகும் சிறிதளவு பெட்ரோலும் உயிர்க்கு ஊறு செய்யும். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுதலும் தவறு.

சில நாள் கழித்து இளைஞன் தாயுடன் மீண்டும் அம்மலைப்பாதையில் ஏறினான். முன்பு நின்ற வளைவை வண்டி தளராது கடந்தது. புதிய கார்புரேட்டருக்கென அவன் திரட்டிய பொருள் செலவாகவில்லை. அடைபட்ட வடிகட்டியைக் கண்டதோடு முதியவர் நின்றிருப்பின், துரு மீண்டும் வந்திருக்கும். வண்டி மீண்டும் வளைவில் நின்றிருக்கும். குற்றத்தைக் கண்டபின், அக்குற்றத்தின் காரணத்தையும் காணுமளவும் ஆராய்ச்சி முடிவதில்லை.