எந்த நிலத்துக்கு எந்த அளவை?

ஒரு சாண் வரப்புக்காக எழும் வழக்கு, பல போக வருமானத்தை விழுங்கிவிடுவதை நாம் கிராமங்களில் கண்டு வருகிறோம். “சர்வேயர் வந்து அளந்தால் தீர்ந்துவிடும்” என்பது பலருடைய எண்ணம். ஆனால், அளவை ஒரே வகையன்று. காரியத்துக்கு ஏற்ற அளவையைத் தெரிந்து மனுச் செய்தால் காலமும் பணமும் மிச்சமாகும்.

1. அத்துக் காட்டும் அளவை: எல்லைக்கல் காணவில்லை, வரப்பு நகர்ந்துவிட்டது என்னும்போது வேண்டுவது இதுவே. நில அளவர் புலப்படத்திலுள்ள அளவுகளைத் தரையில் பிடித்து எல்லையைக் காட்டுவார். அளக்கும்போது அண்டை நிலத்தாரும் உடனிருத்தல் நலம். தனியார் அளவையைக் கிரயத்துக்கு முன் தெரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம். அதனால் சர்க்கார் கணக்கு மாறாது.

2. உட்பிரிவு அளவை: பாகப்பிரிவினையிலும், ஒரு பகுதியை மட்டும் வாங்கும்போதும் இது அவசியம். புல எண் 112/3-ஐச் சகோதரர் இருவர் பிரித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பத்திரம் பதிவானதோடு நின்றுவிட்டால் பட்டா கூட்டாகவே இருக்கும். நாளை பிள்ளைகளிடையே பூசல் வரும். உட்பிரிவு செய்தால் 112/3ஏ, 112/3பி எனப் புது எண்களும், புலப்படத்தில் புதுக்கோடும், தனிப் பட்டாவும் கிடைக்கும். உட்பிரிவு முழுவதையும் வாங்கியவருக்கு இவ்வளவை வேண்டாம். பட்டா மாறுதலே போதும்.

3. மட்ட அளவை: புலப்படம் நீள அகலங்களைக் காட்டுமேயன்றி மேடு பள்ளத்தைக் காட்டாது. வாய்க்கால், வடிகால், மண்வரப்பு அமைக்குமுன் மட்டம் பார்த்தல் வேண்டும்.

பத்திரத்தில் ஏக்கரும் சென்டும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். 1 ஏக்கர் 100 சென்ட். 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். ஆகவே 2 ஏக்கர் நிலம் பட்டாவில் ஏறக்குறைய 81 ஏர் என்றிருக்கும். இதைக் குறைவென்று எண்ணி மயங்கலாகாது.

ஏரி ஆக்கிரமிக்கப்பட்டால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தாமே கயிறு பிடித்து அளந்து அகற்ற முற்படுதல் கூடாது. ஏரிகளை அளந்து எல்லை குறிக்கவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. உரிய அதிகாரிக்குத் தீர்மானம் அனுப்புதலே முறை.

ஒன்றை மறவாதிருப்போம். அளவை எல்லையைக் காட்டும், பாத்தியதையைத் தீர்க்காது. நிலம் யாருடையது என்பதே வழக்கானால் சிவில் கோர்ட்டுதான் முடிவு சொல்லவேண்டும். மற்றவற்றுக்கு, பத்திரம், பட்டா, புலப்பட நகல் மூன்றையும் ஒப்பிட்டபின் மனுச் செய்வோமாக. நட்ட கல்லைக் காத்தால் நல்லுறவும் நிலைக்கும்.