கிறிஸ்துமஸ் ஒரு நாள் வியாபாரம் அல்ல



தீபாவளிப் பற்று முழுதும் வசூலாகும் முன்பே கிறிஸ்துமஸ் சரக்குக்குப் பணம் தேட வேண்டியிருக்கிறது என்பது நம்மில் பலர் ஆண்டுதோறும் சொல்லும் குறை. குறை உண்மைதான். ஆனால் கிறிஸ்துமஸ் சரக்கில் நம் கைமுதல் முடங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்தப் பண்டிகையின் நாள் முறை தெரியாமல் கொள்முதல் செய்வதுதான். காலண்டரில் டிசம்பர் 25 என்ற ஒரே தேதியை வட்டமிட்டு, நான்கு நாள் முன்பு சரக்கு இறக்குகிறோம். வாடிக்கையாளர் வீட்டிலோ பண்டிகை நவம்பர் கடைசியிலேயே தொடங்கி, ஜனவரி 6 வரை நீள்கிறது.

இந்தப் பாடத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய தென் மாவட்டங்களின் கிறிஸ்தவ வீடுகளில் எந்த நாளில் என்ன நடக்கிறது, அதற்கு நம் கடையிலிருந்து என்ன போகிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 100-க்குச் சுமார் 47 பேர் கிறிஸ்தவர்கள். ஆகவே இது ஒரு தெருவோடு முடிகிற வியாபாரம் அல்ல.

1. நட்சத்திரம் ஏறும் நாள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட காலத்தைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள். இதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இக்காலம் 28 நாள். திங்கட்கிழமை வந்தால் 22 நாள்தான். 2022-ல் 28 நாள் கிடைத்தது. 2023-ல் 22 நாளோடு முடிந்தது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 என்ன கிழமை என்று பார்த்துவிட்டுக் கொள்முதல் தேதியைக் குறிப்பது நல்லது.

நாகர்கோவில் வட்டாரத்தாருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-ல் நிறைவு பெறும். அந்தக் கூட்டம் கலைந்த கையோடு வீட்டு வாசல்களில் நட்சத்திரம் ஏறத் தொடங்கும்.

இதில் நாங்களே பட்ட அடியைச் சொல்கிறோம். கடை தொடங்கிய புதிதில் நட்சத்திரக் கட்டுகளை டிசம்பர் 15-ல் இறக்கினோம். கேட்டு வந்தவர்களை விரலை விட்டு எண்ணிவிடலாம். தெருவில்தான் எல்லா வாசலிலும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்ததே! மிச்சத்தைப் பரணில் போட்டோம். அடுத்த ஆண்டு எடுத்துப் பார்த்தால் காகிதத்தை எலி தின்றது பாதி, ஈரம் தின்றது பாதி.

இதே முதல் வாரத்தில்தான் வீட்டில் கேக் போடுகிறவர்கள் பழம் ஊறவைப்பார்கள். கறுப்புத் திராட்சை, மஞ்சள் திராட்சை, பேரீச்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை நறுக்கி, சிலர் ரம்மிலும் சிலர் பழச்சாற்றிலும் போட்டு வைப்பார்கள். பேக்கரியில் வாங்குவோர் பெருகிவிட்டாலும், ஊறவைக்கிற வீடு ஒன்று வந்தால் முந்திரி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், வெண்ணெய் எல்லாம் அதன் பின்னாலேயே வரும். 20-ம் தேதி செர்ரி இறக்கினால் அந்த வீடு நம்மிடம் வராது.

மார்த்தாண்டம் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலங்கரை சபை மரபில் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு உண்டு. நோன்பு பிடிக்கும் வீட்டில் மீனும் இறைச்சியும் ஏறாது. பயறு, பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவைதான் போகும். மசாலாப் பொடியை அந்த வீடு கேட்பது பண்டிகைக்கு முதல் நாள்தான்.

2. கீதமும் குடிலும்

டிசம்பர் நடுவில் கேரல் குழுவினர் இரவில் வீடு வீடாகப் பாடி வருவார்கள். கூடவே கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். குழுவுக்கு மொத்தப் பொட்டலமாக மிட்டாய் வேண்டும். வரவேற்கும் வீட்டுக்குத் தேயிலை, சர்க்கரை, பிஸ்கட் வேண்டும். சபையின் பொறுப்பாளரை முன்கூட்டியே பார்த்து, எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று கேட்டுக்கொண்டால், அந்தந்தத் தெருவின் தேவை நமக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது குடில். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலிலிருந்து பரவிய வழக்கம் இது. நம் ஊரில் வைக்கோல், மணல், மரப்பொம்மைகளோடு பச்சைப் புல்லும் வேண்டும். அதற்காகக் கேழ்வரகு, கடுகு, வெந்தயம் ஆகியவற்றைச் சிறு தட்டுகளில் விதைத்து முளைக்க வைப்பார்கள். முளை எழும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே டிசம்பர் 12, 13-லேயே பிள்ளைகள் நூறு கிராம் முழுக் கேழ்வரகு கேட்டு வருவார்கள். சின்ன வியாபாரம்தான்; ஆனால் "மாவுதான் இருக்கு" என்று அனுப்பிவிட்டால், அந்தப் பிள்ளை போகும் கடைக்கு அதன் தாயும் போவாள்.

3. பலகார வாரம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருக்கும் அந்த நாலைந்து நாள்தான் நமக்குப் பெரும் வியாபாரம். இந்த வட்டாரத்தின் முக்கியப் பலகாரங்கள் சிலவற்றையும் அவற்றின் சரக்கையும் அறிந்திருக்க வேண்டும்.

முந்திரிக்கொத்து: வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, கருப்பட்டி அல்லது வெல்லம், தேங்காய், எள், ஏலம், சுக்கு. உருட்டி, மஞ்சள் சேர்த்த பச்சரிசி மாவில் முக்கிப் பொரிப்பார்கள். பெயரைக் கேட்டு, புதிதாக வேலைக்கு வந்த பையன் முந்திரிப் பருப்பை எடை போடக்கூடாது. கொடிமுந்திரிக் கொத்துப் போல ஒட்டியிருப்பதால் வந்த பெயர் அது.

அச்சு முறுக்கு: பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை, எள். புது அச்சும் கேட்பார்கள்.

டைமண்ட் பிஸ்கட்: மைதா, சர்க்கரை, டால்டா அல்லது நெய். இவற்றோடு முறுக்கும் அதிரசமும் சேரும்.

ஒரு குடும்பம் இவ்வளவு பலகாரத்தையும் தின்றுவிடுமா என்று கணக்குப் போட்டால் தவறிப்போவோம். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்தும், ரம்ஜானுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்தும் வந்த தட்டுக்குப் பதில் தட்டு போக வேண்டிய நாள் இது. ஆகவே தேவையை மதிப்பிடும்போது, எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதைவிட, எத்தனை வீட்டுக்குத் தட்டுப் போகும் என்று கேளுங்கள். சைவ வீட்டுக்குப் போகும் அச்சு முறுக்கை முட்டையில்லாமல் தனியாகச் சுடுகிறவர்களும் உண்டு.

4. இருபத்துநான்கு முதல் ஆறு வரை

24-ம் தேதி இரவு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்புவோர்க்குக் காப்பியும் கேக்கும் வேண்டும். அன்று மாலை மெழுகுவத்தி, தீப்பெட்டி, காப்பித்தூள், பால்பவுடர் ஆகியவற்றைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். 25 காலை இட்லி, தோசையோடு கறிக்குழம்பு. பகலில் பிரியாணி என்பது பல வீட்டு வழக்கம். அதற்கான அரிசியும் மசாலாவும் 23, 24-லேயே போய்விடும்.

டிசம்பர் 26, கடலோர ஊர்களில் 2004-ன் சுனாமியில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று அந்த ஊர்க் கடைகளில் ஒலிபெருக்கியும் ஆரவார விற்பனையும் வேண்டாம்.

31 இரவு ஆண்டு இறுதி ஆராதனை, மறுநாள் புத்தாண்டு. டிசம்பர் 25-ஐக் கொண்டாடாத சில சபையினரும் இந்த இரவுக்குக் கூடுவார்கள். ஆகவே கிறிஸ்தவர் என்றதும் எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்று எண்ணக்கூடாது. கேட்டு அறிவதே மரியாதை. ஜனவரி 6, மூன்று அரசர்களின் திருநாள். அதன்பின் குடில் கலையும்.

5. சாகும் சரக்கு, நடக்கும் சரக்கு

இந்தப் பாடத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சரக்கு இரண்டு வகை.

25 இரவோடு சாகும் சரக்கு: நட்சத்திரம், முகமூடி, குடில் பொம்மை, வாழ்த்து அட்டை, படம் அச்சிட்ட டப்பா, செய்து வைத்த கேக்.

பொங்கலுக்கும் நடக்கும் சரக்கு: வெல்லம், கருப்பட்டி, பச்சரிசி, பாசிப்பயறு, பாசிப்பருப்பு, முந்திரி, உலர்திராட்சை, ஏலம், நெய்.

கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இடையே மூன்று வாரம்தான். இரண்டாம் வகையில் பத்து கிலோ மீந்தாலும் ஜனவரி 13-க்குள் விற்றுப்போகும். ஆகவே அதில் துணிந்து வாங்கலாம். முதல் வகையில், மீந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் மொத்த வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள். இல்லையேல் பெயர் எழுதிப் பாதிப் பணம் பெற்ற முன்பதிவு அளவுக்கு மட்டும் வாங்குங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கடையின் முகப்பு மினுமினுக்க வேண்டும் என்று முதல் வகையில் பணத்தைக் கொட்டிவிட்டு, பலகார வாரத்தில் வெல்லம் தீர்ந்து பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்குகிறோம்.

பற்று விஷயத்திலும் இதே கணக்குத்தான். வடகிழக்குப் பருவமழையில் கடலுக்குப் போக முடியாத நாட்கள் மீனவக் குடும்பங்களுக்கு உண்டு. நெடுநாள் வாடிக்கையாளருக்கு மாவும் வெல்லமும் பற்றில் கொடுக்கலாம். பேரேட்டில் தவணைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சாகும் சரக்கைப் பற்றில் கொடுக்க வேண்டாம்.

6. பண்டிகை மாவு

ஓராண்டு தீபாவளியில் மீந்த மைதாவை அப்படியே கிறிஸ்துமஸுக்கு விற்றோம். மழைக்கால ஈரம், மூட்டை தரையிலேயே கிடந்தது. 23-ம் தேதி மாலை, பல வருடம் நம்மிடமே வாங்கிய ஓர் அம்மா சல்லடையோடு வந்து நின்றார். சல்லடையில் புழு நெளிந்தது. அவர் சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, பண்டிகை மாவு இது" என்று மட்டும் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் குடும்பத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. அன்றிலிருந்து மூட்டைகளைப் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குகிறோம். பண்டிகைக்கு முன் பழைய மாவைச் சலித்துப் பார்க்காமல் எடைத்தட்டில் ஏற்றுவதில்லை.

வீட்டில் செய்தவர்களிடம் கேக், முறுக்கு வாங்கி விற்பவர்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவு உண்டா என்றும், தயாரித்த தேதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். முட்டை சேர்ந்த கேக் பொட்டலத்தில் பழுப்பு முக்கோணக் குறி இருக்க வேண்டும். கேட்கிற சைவ வாடிக்கையாளரிடம் மழுப்பாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

பயிற்சி

நவம்பர் 20-க்குள் கீழ்க்கண்டவற்றுக்கு ஒரு தாளில் விடை எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வையுங்கள்.

1. இவ்வாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எந்தத் தேதி?
2. நம் வாடிக்கையாளரில் கேக் போடும் வீடுகள் எத்தனை? நோன்பு பிடிக்கும் வீடுகள் எத்தனை?
3. சென்ற ஆண்டு 25-ம் தேதிக்குப் பின் பரணுக்குப் போன சரக்கு எவை? அதில் முடங்கிய பணம் எவ்வளவு?
4. பொங்கலுக்கும் நடக்கும் சரக்கில் எது, எந்தத் தேதியில் நம் கடையில் தீர்ந்துபோனது?

மூன்றாம் கேள்விக்கான தொகையை நான்காம் கேள்விக்கான சரக்கில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் பாருங்கள். அதுவே இவ்வாண்டுக் கொள்முதலுக்கு வழிகாட்டும்.