பரணில் கிடக்கும் பெட்டி

கேள்வி: கடையில் பில் போட்ட மினி கம்ப்யூட்டர் பரணில் கிடக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு அந்தக்கால வீடியோ கேம் பெட்டியாக மாற்றலாமா?
– வாசகர், நெய்க்காரப்பட்டி

பதில்: தாராளமாக. 1980-ல் பேக்-மேன் ஓடிய இயந்திரத்தைவிட உங்கள் பெட்டி பல மடங்கு வேகமானது. முதலில் மூடியைக் கழற்றி, ஃபேனில் அடைந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் பல கணினிகள் நாம் செய்துவைத்த செட்டிங்கை மறந்துவிடும். பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

64-பிட் கணினி என்றால், பழைய விளையாட்டுகளை ஓட்டும் பட்டோசெரா என்ற இலவச மென்பொருளை 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ள கடைக் கணக்கு அப்படியே இருக்கும். ஜாய்ஸ்டிக், பட்டன், யுஎஸ்பி போர்டு எல்லாம் செட்டாகவே கிடைக்கின்றன. பட்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகே ஆசாரியிடம் பிளைவுட்டில் துளை போடச் சொல்லுங்கள்.

விளையாட்டுகளைக் கண்ட இடத்தில் இறக்காதீர்கள். பழையவை என்றாலும் பதிப்புரிமை உண்டு. கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்ற சிலவற்றை உரிமையாளர்களின் அனுமதியோடு மேம் (MAME) என்ற மென்பொருளின் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் தொடங்குங்கள். வீட்டில் விளையாடலாம்; கடையில் வைத்துக் காசு வாங்க அனுமதி கிடையாது.